தீவுச் சிறைக்குச் சென்ற கடிதங்கள்

ஆறு மாதத்திற்கு ஒரு கடிதம் எழுதலாம். ஒரு கடிதம் பெறலாம். அக்கடிதம் 500 சொற்களுக்கு மேற்படலாகாது. இந்தச் சிற்றெல்லைக்குள் ஒருவர் தம் மனைவிக்குக் கணவராகவும், பிள்ளைகளுக்குத் தந்தையாகவும், முதிய தாய்க்கு மகனாகவும் இருந்துகொள்ள வேண்டும். 1964ஆம் ஆண்டு யூன் மாதத்தில் ஆயுட் சிறைத்தண்டனை விதிக்கப்பெற்று ரொபன் தீவுக்குக் கொண்டுசெல்லப்பட்ட நெல்சன் மண்டேலாவுக்கும் அவருடைய தோழர்களுக்கும் தென்னாபிரிக்கச் சிறை நிருவாகம் அளந்து கொடுத்த அளவு இதுவே. அவர் சிறை சென்றதன் அரசியற் காரணங்களை நேயர்கள் நன்கறிவர். 1962 முதல் 1990 வரை அவரும் அவர் குடும்பத்தினரும் தபால் மூலம் எவ்வாறு உறவாடினர் என்பது அத்துணை பரவலாக அறியப்பட்ட செய்தியன்று.

ரொபன் தீவு, கேப்டவுன் நகரத்துக்கு எதிரே அத்திலாந்திக் சமுத்திரத்திற் கிடக்கும் ஒரு சிறு நிலத்துண்டு. வானம் தெளிந்த நாட்களில் நகரத்துக்குப் பின்னால் எழுந்து நிற்கும் மேசை மலை அங்கிருந்து நன்றாகத் தெரியும். குடும்பத்தினர் வாழ்ந்த ஜொகனஸ்பேர்க் நகரமோ ஆயிரம் கிலோமீற்றருக்கும் அப்பாற்பட்டது. தீவிலிருந்த கைதிகள் ஏ, பீ, சீ, டீ என்று நான்கு தரங்களாகப் பிரிக்கப்பட்டனர். பாடசாலையில் மாணவரை வகுப்பேற்றுவது போன்று, நன்னடத்தை கண்டு கைதியைத் தரமுயர்த்துவது அங்குள்ள வழக்கம். அரசியற் கைதிகள் வந்து இறங்கியவுடனேயே கடைசித் தரமான டீயில் வைக்கப்பட்டனர். தரம் உயர உயரக் கடிதங்களும் சந்திப்புக்களும் கூடும்.

பார்வைக்கு நேரிய முறையாகத் தோன்றும் இதில் ஒரு கோணல் உண்டு. கடிதத்தைக் கைதியின் நடத்தைக்குரிய பரிசாக்கிவிட்டால், அது மறுக்கப்படும்போது அவன் மாத்திரம் தண்டிக்கப்படுவதில்லை. அக்கடிதத்தை வாசலில் எதிர்பார்த்து நிற்கும் பிள்ளையும் உடன் தண்டிக்கப்படுகின்றது. பிள்ளை செய்த குற்றம் யாது?

கடிதங்கள் குடும்ப விடயங்களை மாத்திரமே பேசவேண்டும் என்பது விதி. உடன்பிறந்தார் நலம், பிள்ளைகளின் படிப்பு, உறவினர் திருமணம், இழவு ஆகியவை எழுதலாம். அரசியலையும் சிறையின் நிலைமையையும் தொடலாகாது. எது குடும்பம், எது அரசியல் என்று தீர்மானிப்பவர் தணிக்கை அதிகாரி. தொடக்கத்தில் அவர் தமக்கு ஒவ்வாத வரிகள் மீது மையைப் பூசி மறைத்தார். மையைக் கழுவிவிட்டு அடியிலுள்ள எழுத்தைப் படிக்கலாம் என்று தெரியவந்ததும், அவ்வரிகளைச் சவர அலகினால் வெட்டி எடுக்கத் தலைப்பட்டனர். தாளின் இரு பக்கமும் எழுதப்பட்ட கடிதத்தில் முன்பக்கத்து வரியோடு பின்பக்கத்து வரியும் போய்விடும். இவ்வாறு கந்தலாகிய தாளே பல சமயங்களிற் கைதியின் கைக்கு வந்தது. சில வேளைகளில் அதுவும் வரவில்லை. உமக்கு ஒரு கடிதம் வந்துள்ளது, ஆனால் தரமுடியாது என்று காவலர் சொல்லிவிட்டுப் போவதுண்டாம். யார் எழுதியது, ஏன் தரமுடியாது என்ற விளக்கம் எதுவும் இல்லை. வந்த செய்தியைக் கூறாதிருந்தாலாவது மனம் அமைதி கொண்டிருக்கும்.

நேரிற் காண்பதும் இதே முறையில்தான். தொடக்க ஆண்டுகளில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை, அரை மணி நேரம், காவலர் கேட்டுக்கொண்டிருக்க, தடுப்புக்கு இப்பாலும் அப்பாலும் நின்று பேசவேண்டும். தாய்மொழியிற் பேசலாகாது, ஆங்கிலமோ ஆபிரிக்கான்ஸோ மாத்திரமே பேசலாம். காவலர் அறியாத பெயர் ஒன்று வந்தால் பேச்சு நிறுத்தப்படும். ஆகவே கணவனும் மனைவியும் இயக்கத்தைத் திருச்சபை என்றும், அதன் தலைவர்களைப் போதகர்கள் என்றும் குறிப்பிட்டுப் பேசிக்கொண்டனர். இரண்டு வயதுக்கு மேல் பதினாறு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் தீவுக்கு வருவதற்கு அனுமதியே இல்லை. தந்தை சிறை செல்லும்போது தளர்நடை பயின்றுகொண்டிருந்த இளைய மகள் சிண்ட்சி, 1975ஆம் ஆண்டு டிசம்பரில், தாயார் அவளுடைய வயதைப் பத்திரத்திற் கூட்டிக் காட்டிய பின்னரே அங்கு செல்ல முடிந்தது. அப்போது அவளுக்கு வயது பதினைந்து.

இதனாலேயே நிழற்படங்கள் அங்கு அருமையான பொருள்களாயின. பால்பல் விழுந்து புதுப்பல் முளைத்தது, பாடசாலைச் சீருடை மாறியது, முகத்தில் தாயின் சாயல் ஏறியது ஆகிய யாவற்றையும் தந்தை கடதாசியிலேயே கண்டார். வீட்டாரின் படங்களை அனுப்பும்படி அவர் தம் கடிதங்களிற் கேட்டுக்கொண்டார். மனைவி வின்னியின் படம் அவருடைய சிறையறையில், எழுதும்போது தோளுக்கு மேலாகத் தெரியும்படி வைக்கப்பட்டிருந்தது. நாள்தோறும் காலையில் அதன் தூசியைத் துடைப்பது தம் வழக்கம் என்று அவர் மனைவிக்கு எழுதியிருக்கின்றார். பல நூறு மைல்களுக்கு அப்பாலிருந்து ஒரு பெண் இச்செய்தியைப் படிக்கும்போது, தான் அவ்வறையில் ஒவ்வொரு நாளும் இருக்கின்றாள் என்பதை அறிகின்றாள்.

ஆயின் படங்கள் உள்ளே சென்றனவேயன்றி வெளியே வரவில்லை. கைதியின் நிழற்படத்தை அனுமதியின்றி வெளியிடுவதை அந்நாட்டுச் சிறைச் சட்டம் அக்காலத்தில் தடைசெய்திருந்தது. தந்தைக்குப் பிள்ளைகள் வளர்ந்துகொண்டே போக, வீட்டிலிருந்த பழைய படங்களில் தந்தை இளைஞராகவே நின்றுகொண்டிருந்தார். 1990ஆம் ஆண்டு பெப்ரவரி 11ஆந் திகதி அவர் விடுதலையாகி நடந்து வந்தபோது, நரைத்த தலையும் மெலிந்த உருவமும் கொண்ட அவரை உலகம் ஒரு புதிய மனிதரைப் போல நோக்கியது.

1968, 1969ஆம் ஆண்டுகளே இக்குடும்பத்துக்கு மிகக் கொடியவை. 1968 செப்டெம்பரில் தாயார் இறந்தார். இறுதிக் கிரியைக்குச் செல்ல மகனுக்கு அனுமதி கிடைக்கவில்லை. 1969 மே மாதத்தில் வின்னி கைதுசெய்யப்பட்டார். 491 நாட்கள் தடுப்பில் இருந்தார். மூத்தவள் செனானிக்கு அப்போது பத்து வயது, சிண்ட்சிக்கு எட்டு. அடுத்த மாதத்தில் தந்தை அவ்விருவருக்கும் ஒரு கடிதம் எழுதினார். அம்மா நாளைக்கே வந்துவிடுவார் என்று அதில் அவர் ஆறுதற்பொய் கூறவில்லை. நெடுங்காலம் தாய் தந்தையர் அற்றவர் போல் வாழ நேரலாம், பிறந்தநாட் கொண்டாட்டமும் புத்தாடையும் இல்லாதுபோகலாம் என்பதை ஒளிக்காது எழுதினார். தாயின் துணிவையும் அவர்களுக்கு எடுத்துரைத்தார். சிறு பிள்ளைகளிடம் உண்மையை இவ்வளவு நேராகக் கூறலாமா என்று சிலர் ஐயுறக்கூடும். பெரியோர் மறைப்பதைப் பிள்ளைகள் எப்படியும் அறிந்துகொள்வர். தனியாக அறிந்துகொள்வதே அதிலுள்ள கொடுமை. யூலை மாதத்தில் முதல் மனைவியின் மூத்த மகன் தெம்பி மோட்டார் வாகன விபத்தில் இறந்தான் என்று தந்தி வந்தது. அவனுடைய அடக்கத்துக்கும் அனுமதி இல்லை. மண்டேலா அவனுடைய தாய்க்கும், மறுசிறையிலிருந்த வின்னிக்கும் கடிதம் எழுதினார். சிறையிலிருந்து சிறைக்குச் சென்ற கடிதம் அது.

கைதியின் குடும்பத் தொடர்பு சலுகையன்று என்ற கருத்து பின்னர் வலுப்பெற்றது. கைதிகளை நடத்தும் முறை பற்றி 1955ஆம் ஆண்டு ஜெனீவாவில் வகுக்கப்பட்ட குறைந்தபட்ச விதிகளை ஐக்கிய நாடுகள் சபை 2015 டிசம்பரில் திருத்தி, நெல்சன் மண்டேலா விதிகள் என்று பெயரிட்டது. தக்க மேற்பார்வையுடன், ஒழுங்கான கால இடைவெளிகளில், கடிதம் முதலிய வழிகளாலும் நேரிற் சந்தித்தும் குடும்பத்தினரோடு தொடர்புகொள்ளக் கைதிக்கு இடமளிக்க வேண்டும் என்கிறது 58ஆவது விதி. ஒழுங்கு மீறலுக்குத் தண்டனையாகக் குடும்பத் தொடர்பை முற்றாகத் தடைசெய்யலாகாது என்கிறது 43ஆவது விதி. மேற்பார்வை வேண்டாம் என்று விதி கூறவில்லை. சவர அலகுக்கும் மேற்பார்வைக்கும் உள்ள வேறுபாட்டையே அது நாடுகின்றது.

தாம் எழுதியவை போய்ச் சேருமோ என்ற நம்பிக்கை மண்டேலாவுக்கு இருக்கவில்லை. ஆகவே அனுப்பும் கடிதங்களைக் கெட்டி அட்டைக் குறிப்பேடுகளிற் பிரதி செய்து வைத்தார். 1971ஆம் ஆண்டில் அக்குறிப்பேடுகள் அறையிலிருந்து எடுத்துச் செல்லப்பட்டன. முப்பத்துமூன்று ஆண்டுகள் கழித்து, 2004ஆம் ஆண்டில், ஓய்வுபெற்ற பாதுகாப்புப் பொலிஸ் உத்தியோகத்தர் ஒருவர் தம்மிடம் இருந்த இரண்டு குறிப்பேடுகளை மண்டேலாவின் கையிலேயே திருப்பிக் கொடுத்தார். அவருடைய சிறைக் கடிதங்களில் 255 கடிதங்கள், பிறப்பு நூற்றாண்டாகிய 2018இன் யூலையில் நூலாக வெளிவந்தன. அவற்றுட் பலவற்றைப் பெற்றிருக்க வேண்டிய வின்னி அவ்வாண்டு ஏப்ரில் மாதத்திலேயே காலமானார். நூலுக்கு முன்னுரை எழுதியவர் செனானியின் மகள்.