எந்த ஸ்கேன், பெரியப்பா?

வானூர் டீக்கடை பெஞ்சில் பெரியப்பா டம்ளரைக் கையில் வாங்கி, குடிக்காமலே உட்கார்ந்திருந்தார். இடுப்புவலி காலுக்கு இறங்கிவிட்டது. டாக்டர் ஸ்கேன் எழுதியிருக்கிறார். “பேஸ்மேக்கர் வெச்சவங்க ஸ்கேன் பக்கமே போகக்கூடாதாமேப்பா?”

“எந்த ஸ்கேன், பெரியப்பா?”

சிக்கலே அந்தச் சொல்லில்தான். ஜெல் தடவிப் பார்ப்பதும் நமக்கு ஸ்கேன், வளையத்துக்குள் படுக்கவைத்து எடுப்பதும் ஸ்கேன், டமடமவென்று இரையும் குழாய்க்குள் அனுப்புவதும் ஸ்கேன். முதலாவது அல்ட்ராசவுண்ட், வெறும் ஒலி அலை, எக்கோவும் அதுதான். பயமே இல்லை. எக்ஸ்ரேயும் அப்படியே. வளையம் சி.டி.; அதையும் எடுக்கலாம். கருவி மேலேயே கதிர் விழுந்தால் அபூர்வமாகச் சின்னக் குழப்பம் வரலாம் என்பதால், படுக்கும் முன் சொல்லிவிட வேண்டும்.

யோசிக்க வேண்டியது குழாய், அதாவது எம்.ஆர்.ஐ. அது காந்தம். 1.5 டெஸ்லா என்றால் பூமியின் காந்தத்தைப் போல் சுமார் 30,000 மடங்கு. இழுப்பதைவிட எனக்குக் கவலை அதன் ரேடியோ அலைதான். அதை இதயத் துடிப்பென்று நினைத்துக் கருவி சும்மா இருந்துவிடலாம். இதயத்தில் பதிந்த ஒயர் நுனியும் சூடாகலாம்.

அதற்காக எம்.ஆர்.ஐ.யே கிடையாது என்பது பழைய பேச்சு. எம்.ஆர்.ஐ.க்கு ஏற்ற பேஸ்மேக்கருக்கு அமெரிக்கா 2011-இல் அனுமதி தந்தது. 2017-இல் வெளிவந்த மேக்னாசேஃப் ஆய்வில், பழைய வகைப் பேஸ்மேக்கரோடு 1,000 முறை எடுத்துப் பார்த்தார்கள். நெஞ்சைத் தவிர மற்ற இடங்கள், 1.5 டெஸ்லா. முன்கூட்டியே செட்டிங்கை மாற்றி, ஈ.சி.ஜி.யைப் பார்த்தபடி எடுத்தார்கள். ஸ்கேனின்போது ஒருவரும் இறக்கவில்லை, ஒரு ஒயரும் பழுதாகவில்லை.

இங்கே இரண்டு விஷயம் கேட்க வேண்டும், பெரியப்பா. கருவி மட்டுமல்ல, ஒயரும் எம்.ஆர்.ஐ.க்கு ஏற்றதா? எப்போதோ கழற்றாமல் விட்ட பழைய ஒயர் உள்ளே கிடக்கிறதா? ஜிப்மருக்குப் போனாலும் முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரிக்குப் போனாலும், இதய டாக்டரும் ஸ்கேன் டாக்டரும் பேசி முடிவெடுக்கட்டும். எடுத்து முடிந்ததும், செட்டிங்கைப் பழையபடி வைத்தாச்சா என்று கேட்ட பிறகுதான் சட்டையை மாட்டணும்.

பேரன் ஓடிப்போய் பேஸ்மேக்கர் கார்டைக் கொண்டுவந்தான். ரேஷன் கார்டோடு பெட்டியில் கிடந்தது. கருவியின் மாடல் நம்பர் தெளிவாக இருந்தது. ஒயர் நம்பர் மடிப்பில் அழிந்திருந்தது. “டிஸ்சார்ஜ் சம்மரி பரண் மேல ஒரு மஞ்சப்பையில இருக்கும், பாத்துக் கொண்டா” என்று பெரியப்பா அவனை மறுபடி அனுப்பினார்.