உங்களுக்குத் தெரியுமா? கண்ணும் வாயும் இல்லாத நடிகர்கள்

• 1986-இல் வந்த ‘லக்ஸோ ஜூனியர்’ குறும்படத்தில் வசனமும் இல்லை, முகமும் இல்லை. இருப்பவை இரண்டு மேசை விளக்குகளும் பந்தும்தான். அதைப் பார்த்த கணினி வரைகலை வல்லுநர் ஜிம் பிளின், தொழில்நுட்பத்தைப் பற்றிக் கேட்கவில்லை. ‘பெரிய விளக்கு அப்பாவா, அம்மாவா?’ என்றுதான் இயக்குநர் ஜான் லாஸெட்டரிடம் கேட்டார்.

• குட்டி விளக்கு பந்தின் மேல் ஏறித் துள்ளும். பந்து நசுங்கியதும் தலை கவிழ்ந்துவிடும். குதூகலமும் வருத்தமும் அசைவின் வேகத்தில், தலையின் சாய்வில் மட்டுமே புலப்படுகின்றன.

• பச்சிளம் குழந்தையின் உடலமைப்பைப் பார்த்தே குட்டி விளக்கின் தண்டுகள் குட்டையாக்கப்பட்டன. பல்பின் அளவு மட்டும் மாறவில்லை. ஏனெனில் பல்பு கடையில் வாங்குவது, வளர்வதில்லை. வியக்கவைக்கும் நுணுக்கம் இது.

• ஓடும் நேரம் சுமார் 2 நிமிடம். ஆஸ்கருக்குப் பரிந்துரைக்கப்பட்ட முதல் முப்பரிமாணக் கணினி அனிமேஷன் படம்.