குலுக்கத்தை அடக்கும் கருவி: கார் ஷாக் அப்சார்பரும் பயணச் சொகுசும்

நான்கைந்து ஆண்டுகள் ஓடிய காரில் முன்பிருந்த சொகுசு இல்லை என்ற குறை எழும்போது, பழி பெரும்பாலும் சாலையின் மீதே விழுகிறது. சாலைகளுக்கு அந்தப் பழியில் பங்கு உண்டு என்றாலும், அதே சாலையில் அதே கார் புதிதாக இருந்தபோது இவ்வளவு குலுங்கவில்லை என்பதை எண்ணிப் பார்த்தால், காரணத்தைச் சக்கரங்களை ஒட்டிக் கண்ணில் படாமல் இருக்கும் ஷாக் அப்சார்பர்களிடமும் தேட வேண்டும் என்பது புலப்படும். பிரேக் தேய்ந்தால் சத்தம் எழும். டயர் தேய்ந்தால் கண்ணுக்குத் தெரியும். ஷாக் அப்சார்பரோ சிறுகச் சிறுக வலுவிழப்பதால், நாள்தோறும் அந்தக் காரை ஓட்டுபவரின் உடலும் கையும் அந்தத் தளர்ச்சிக்குப் பழகிவிடுகின்றன. இதனால் அவற்றை உரிய காலத்தில் மாற்றத் தவறுவதும் உண்டு; மாற்றிய பின்னரும் எதிர்பார்த்த பயன் கிட்டாமல் போவதும் உண்டு. இரண்டையும் தவிர்க்க, அக்கருவி செய்யும் வேலை இன்னது என்ற தெளிவு முதலில் வேண்டும்.

தாங்குவது ஒன்று, அடக்குவது மற்றொன்று

காரின் எடையைத் தாங்குவது ஸ்பிரிங். சக்கரம் ஒரு மேட்டில் ஏறும்போது ஸ்பிரிங் சுருங்கி, அந்த மோதலின் ஆற்றலைத் தனக்குள் வாங்கிக்கொள்கிறது. வாங்கியதைத் தன்னிடமே வைத்துக்கொள்ளும் இயல்பு அதற்கு இல்லாததால், அடுத்த கணமே விரிந்து ஏறத்தாழ முழுவதையும் திருப்பித் தந்துவிடுகிறது. தடுக்க எதுவும் இல்லையெனில், தள்ளிவிட்ட ஊஞ்சல் தானாக ஓயும்வரை ஆடுவதுபோல, ஒரு வேகத்தடையைக் கடந்த காரும் நெடுந்தூரம் மேலும் கீழும் ஆடியபடியே செல்லும். அந்த ஆட்டத்தின் ஆற்றலை வெப்பமாக மாற்றி வெளியேற்றும் கருவியே ஷாக் அப்சார்பர். இச்செயலைப் பொறியியலார் தணிப்பு என்பர்.

அதன் அமைப்பு எளியது. எண்ணெய் நிரம்பிய உருக்குக் குழாய்க்குள், பளபளப்பான ராட் ஒன்றின் முனையில் பொருத்தப்பட்ட பிஸ்டன், சக்கரத்தின் அசைவுக்கேற்ப மேலும் கீழும் நகர்கிறது. நகர வேண்டுமானால், பிஸ்டனிலுள்ள நுண்ணிய துளைகளின் வழியாகவும், அவற்றை மூடியிருக்கும் மெல்லிய தகடுகளாலான வால்வுகளின் வழியாகவும் எண்ணெய் நெருக்கியடித்துக்கொண்டு ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்திற்குப் பாய்ந்தாக வேண்டும். அந்த நெருக்கத்தில் உண்டாகும் தடையே ஆட்டத்தை ஒடுக்குகிறது. அதனால்தான் கரடுமுரடான சாலையில் நெடுநேரம் ஓடிய காரின் ஷாக் அப்சார்பர், தொட்டால் கையைச் சுடும் அளவுக்குச் சூடேறுகிறது. அத்தகைய ஓட்டத்திற்குப் பின் மற்றவை சூடாக இருக்க ஒன்று மட்டும் குளிர்ந்திருந்தால், அது வேலை செய்யவில்லை என்று ஐயுறலாம்.

இந்தத் தடை பிஸ்டனின் வேகத்தைப் பொறுத்தது. அது நிற்கும் இடத்தைப் பொறுத்தது அன்று. ஆகவே அசைவற்று நிற்கும் காரை ஷாக் அப்சார்பர் தாங்குவதில்லை; பின்புறம் தாழ்ந்துபோன காரை நிமிர்த்த வேண்டுமானால் தளர்ந்த ஸ்பிரிங்கை மாற்ற வேண்டுமேயன்றி, ஷாக் அப்சார்பரை மாற்றிப் பயனில்லை. மேலும், பெரும்பாலான கார்களில் ஷாக் அப்சார்பர் சுருங்கும்போது காட்டும் தடையைவிட விரியும்போது காட்டும் தடை அதிகமாக அமைக்கப்படுகிறது. சுருங்கும்போது ஸ்பிரிங்கே எதிர்த்து நிற்பதால் கூடுதல் தடை அங்கே அடியாக மாறி உள்ளே இருப்பவர்களைச் சேரும். ஸ்பிரிங் தான் சேர்த்த ஆற்றலை அவிழ்த்துவிடும் விரிவின்போதுதான் கடிவாளம் வேண்டியிருக்கிறது.

தொடக்கக் காலக் கார்களில் இருந்த கட்டு ஸ்பிரிங்குகளில், ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்ட பட்டைகள் தமக்குள் உராய்ந்தே ஓரளவு ஆட்டத்தை ஒடுக்கின. வேகம் கூடியபோது அது போதாமல், 1900-களின் தொடக்கத்தில் பிரான்சின் த்ரூஃபோ, அமெரிக்காவின் எட்வர்ட் ஹார்ட்ஃபோர்ட் ஆகியோரின் பெயரால் அறியப்படும் உராய்வுத் தகட்டுக் கருவி புழக்கத்திற்கு வந்தது. 1927 இறுதியில் வெளிவந்த ஃபோர்டு மாடல் ஏ காரில் எண்ணெயால் இயங்கும் வகை இடம்பெற்றது. 1930-களின் தொடக்கத்தில் ஜெனரல் மோட்டார்ஸில் பணியாற்றிய பொறியாளர் மாரிஸ் ஆலி, எடைகளை இடம் மாற்றி வைக்கக்கூடிய சோதனைக் காரை ஓட்டச் செய்து, முன்புற ஸ்பிரிங் பின்புறத்தைவிட மென்மையாக இருந்தால் கார் முன்னும் பின்னுமாகச் சாய்ந்தாடுவது குறைந்து மட்டமாகச் செல்லும் என்று காட்டினார். மென்மையான சுருள் ஸ்பிரிங்குகள் அதன்பின் பரவின. அவற்றில் பட்டைகளின் உராய்வு இல்லாததால், ஆட்டத்தை அடக்கும் பொறுப்பு ஏறத்தாழ முழுவதும் ஷாக் அப்சார்பரின் தலையில் ஏறியது.

சொகுசின் அளவுகோல்

மென்மையாக இருந்தால் சொகுசு, இறுக்கமாக இருந்தால் உறுதி என்ற எளிய கணக்கு நடைமுறையில் பொய்த்துப்போகிறது. பயணிகள் காரின் உடல் ஸ்பிரிங்குகளின் மேல் நொடிக்கு ஏறத்தாழ 1 முதல் 1.5 முறை, அதாவது 1 முதல் 1.5 ஹெர்ட்ஸ் அளவில் ஆடும் இயல்புடையது. டயருக்கும் ஸ்பிரிங்குக்கும் இடையில் அகப்பட்ட சக்கரமோ 10 முதல் 15 ஹெர்ட்ஸ் அளவில் துள்ளும் இயல்புடையது. மனித உடல் மேல்கீழ் அசைவுகளுள் 4 முதல் 8 ஹெர்ட்ஸ் வரையிலானவற்றையே மிகுதியாகப் பொறுக்க மாட்டாது. வயிற்றின் உள்ளுறுப்புகளும் முதுகெலும்பும் அந்த அளவுகளில்தான் அதிகம் அதிர்கின்றன. ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் அடங்கிய நல்ல சஸ்பென்ஷன் என்பது கார் உடலின் மெதுவான ஆட்டத்தை விரைவில் நிறுத்தி, சக்கரத்தின் துள்ளலை அடக்கி, இடைப்பட்ட அதிர்வுகளை உள்ளே விடாமல் வடிகட்டுவதாகும்.

இம்மூன்றையும் ஒரே கருவியிடம் எதிர்பார்ப்பதில் ஒரு முரண் இருக்கிறது. கார் உடலின் இயல்பான ஆட்ட அளவைப்போல் ஏறத்தாழ 1.4 மடங்கு வரையுள்ள மெதுவான அசைவுகளில், தணிப்பு கூடக் கூடக் குலுக்கம் குறைகிறது. அந்த எல்லையைத் தாண்டிய விரைவான அதிர்வுகளில், தணிப்பு கூடக் கூடக் குலுக்கமும் கூடுகிறது. ஆட்டமே இன்றி மிக விரைவாகக் கார் பழைய நிலைக்குத் திரும்பத் தேவையான தணிப்பை 100 என்று கொண்டால், பயணிகள் கார்களில் சுமார் 20 முதல் 40 வரை மட்டுமே வைக்கப்படுவது இதனால்தான். பந்தயத் தோரணையில் விற்கப்படும் இறுக்கமான ஷாக் அப்சார்பரைக் குடும்பக் காரில் பொருத்தியவர்கள், வளைவுகளில் கார் நிலையாக நிற்பதையும், சிறு கற்கள்கூட முதுகில் உறைப்பதையும் ஒருசேரக் காண்பது இந்த முரணின் விளைவே.

வேகத்தடைகளின் வடிவம் இங்கே பெரிதும் பொருள்படுகிறது. 25 கி.மீ. வேகத்தில் கடப்பதற்கென இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் வகுத்துள்ள வழிகாட்டு அளவு 3.7 மீட்டர் அகலமும் 10 செ.மீ. உயரமும் கொண்ட வளைந்த மேடு. அதில் ஏறும் சக்கரம் மெதுவாகவே உயர்வதால் பிஸ்டனின் வேகமும் குறைவாக இருக்கிறது. தெருவோரம் கொட்டிய தாரால் ஒரு சாண் அகலத்தில் செங்குத்தாக எழுப்பப்படும் மேட்டிலோ சக்கரம் திடீரென உயர்கிறது. பிஸ்டன் பல மடங்கு வேகத்தில் பாய, எண்ணெயின் அழுத்தம் ஏறி, வால்வுத் தகடுகள் வளைந்து வழிவிட வேண்டியிருக்கிறது. அத்தகைய அடிகள் நாள்தோறும் விழும் காரில், தகடுகளும் ராடைச் சுற்றியுள்ள சீலும் விரைவில் தளர்வதில் வியப்பில்லை.

தேய்வின் அடையாளங்கள்

பொதுவாக 80,000 கி.மீ. என்ற அளவு மாற்றுவதற்குரிய குறியாகச் சொல்லப்பட்டாலும், நெடுஞ்சாலையிலேயே ஓடும் காருக்கும் கிராமத்துக் கப்பிச் சாலையில் ஓடும் காருக்கும் அது ஒன்றாக இருக்க முடியாது. குழாயின் மேல் மெல்லிய எண்ணெய்ப் படலம் தெரிவது இயல்பு. எண்ணெய் வழிந்து, புழுதி அப்பிக் கருஞ்சேறாகப் படிந்திருந்தால் சீல் போய்விட்டது என்று கொள்ளலாம். பிரேக் பிடித்தால் முன்புறம் ஆழமாக அமிழ்வது, பாலத்தின் இணைப்புகளைக் கடந்தபின் கார் இரண்டு மூன்று முறை அசைந்து ஓய்வது, டயரின் பரப்பில் இடைவிட்டு இடைவிட்டுக் குழிகுழியாகத் தேய்வது ஆகியவை மற்ற அடையாளங்கள். காரின் மூலையை அமுக்கிவிட்டு எத்தனை முறை ஆடுகிறது என்று பார்க்கும் பழைய சோதனை, முற்றிலும் தேய்ந்தவற்றை மட்டுமே காட்டிக்கொடுக்கும். பாதி தேய்ந்தவை அதில் தேறிவிடும்.

சொகுசுக் குறைவை மட்டும் எண்ணி இவ்வடையாளங்களைத் தள்ளிப்போடுவது தவறு. தணிப்பு இழந்த சக்கரம் கரடான பரப்பில் துள்ளும்போது, டயர் சாலையைவிட்டு எழும் கணங்களில் பிரேக்குக்கும் ஸ்டீயரிங்குக்கும் பிடிமானம் இல்லாமல் போகிறது. காரை நிறுத்தத் தேவைப்படும் தூரம் கூடுகிறது. அதேவேளை, குலுக்கம் எல்லாவற்றுக்கும் ஷாக் அப்சார்பரே காரணம் என்று முடிவுகட்டவும் கூடாது. டயரில் காற்று அளவுக்கு மீறி இருந்தாலோ, அழகுக்காகப் பெரிய சக்கரமும் பக்கச்சுவர் குறைந்த டயரும் மாட்டப்பட்டிருந்தாலோ, உயரம் கூட்டுவதற்காக ஸ்பிரிங் சுருள்களுக்கிடையே ரப்பர் பஃபர் செருகப்பட்டிருந்தாலோ, புதிய ஷாக் அப்சார்பர் அக்குறையைத் தீர்க்காது. செலவில்லாத காற்றழுத்தச் சோதனையில் தொடங்கி, சக்கரத்தை ஒட்டிய இணைப்பு உறுப்புகளான லோயர் ஆர்ம் புஷ், ஸ்டெபிலைசர் லிங்க், பால் ஜாயின்ட் ஆகியவற்றைப் பார்த்தபின் ஷாக் அப்சார்பருக்கு வருவதே முறை.

தேர்வும் பொருத்தும் முறையும்

சந்தையில் கிடைப்பவற்றுள் முதல் வகை, ஒன்றினுள் ஒன்றாக இரு குழாய்கள் கொண்டது; வெளிக்குழாயில் எண்ணெயின் மேல் குறைந்த அழுத்தத்தில் நைட்ரஜன் நிரப்பப்பட்ட வடிவமே இப்போது பரவலாக உள்ளது. எண்ணெய் நுரைத்தால் தணிப்பு குன்றும். அழுத்தத்திலுள்ள வாயு அதைத் தடுக்கிறது. இரண்டாவது, பிரெஞ்சுப் பொறியாளர் த கார்போன் உருவாக்கிய ஒற்றைக் குழாய் வகை. அதில் எண்ணெயையும் உயர் அழுத்த நைட்ரஜனையும் மிதக்கும் பிஸ்டன் ஒன்று பிரித்து வைக்கிறது. சூட்டை விரைவில் வெளிவிடும் தன்மையால் கடும் ஓட்டத்திற்கு அது ஏற்றதெனினும், சற்று இறுக்கமான உணர்வைத் தரக்கூடும். சொகுசே நோக்கமெனில், அந்தக் காரின் ஸ்பிரிங்குக்கும் எடைக்கும் ஏற்பத் தயாரிப்பாளர் வகுத்த அளவிலுள்ள இரட்டைக் குழாய் வகையே பெரும்பாலோருக்குப் பொருந்தும். பழையதை அறுத்து எண்ணெய் மாற்றிப் பற்றவைத்துத் தரப்படும் ரீகண்டிஷன் சரக்கில், எண்ணெயின் பாகுத்தன்மையும் வாயுவின் அழுத்தமும் மூல அளவில் இருக்கும் என்பதற்கு உறுதியில்லை.

இன்றைய சிறிய கார்களின் முன்புறத்தில் ஷாக் அப்சார்பரும் ஸ்பிரிங்கும் ஒன்றாக அமைந்த ஸ்ட்ரட் எனும் அமைப்பு இருக்கிறது. அதன் உச்சியிலுள்ள ரப்பர் மவுண்ட், பேரிங், ராடைச் சூழ்ந்த பம்ப் ஸ்டாப், புழுதி உறை ஆகியவை ஷாக் அப்சார்பரோடு சேர்ந்தே முதுமை அடைந்தவை. சிறு தொகையை மிச்சப்படுத்த அவற்றைப் பழையபடியே விட்டால், கடகடவென்ற சத்தமும் அடியும் புதிய பொருளோடும் தொடரும். ஓர் அச்சின் இரு பக்கங்களையும் ஒருசேர மாற்ற வேண்டும். இல்லையெனில் பிரேக் பிடிக்கும்போதும் வளைவிலும் இரு பக்கங்களும் வெவ்வேறாக நடந்துகொள்ளும். ஸ்ட்ரட்டினுள் சுருங்கியிருக்கும் ஸ்பிரிங் உயிருக்கே ஊறு விளைவிக்கக்கூடிய ஆற்றலைத் தேக்கி வைத்திருப்பதால், ஸ்பிரிங் கம்ப்ரசர் கொண்டு அதை அமுக்காமல் உச்சியின் நடு நட்டைக் கழற்றவே கூடாது.

நல்ல மெக்கானிக்கின் கைத்திறன் சில சிறு செயல்களில் தெரிகிறது. பெட்டியில் படுத்த நிலையில் இருந்த இரட்டைக் குழாய் ஷாக் அப்சார்பரில் வாயு உள்குழாய்க்குள் புகுந்திருக்கக்கூடும் என்பதால், அவர் அதை நிமிர்த்திப் பிடித்துச் சில முறை முழுவதும் இழுத்து அமுக்கிய பின்பே பொருத்துகிறார். ராட் சுழலாமல் இருக்க அதன் பளபளப்பான உடலைப் பிளையரால் பிடிப்பதில்லை. அங்கே விழும் ஒரு கீறல் ஒவ்வோர் அசைவிலும் சீலை அறுத்து, சில மாதங்களில் எண்ணெயை வெளியேற்றிவிடும். ரப்பர் புஷ் உள்ள போல்ட்டுகளைச் சக்கரம் தொங்கும் நிலையில் அளவாக மாட்டி, காரின் எடை சக்கரங்களின் மேல் அமர்ந்த பிறகே டார்க் ரெஞ்ச் கொண்டு இறுதியாக முறுக்குகிறார். தொங்கும் நிலையிலேயே இறுக்கிவிட்டால், கார் தரையில் இறங்கியதும் ரப்பர் முறுக்கிக்கொண்டு நிரந்தர இழுவிசையில் நின்றுவிடும். ஷாக் அப்சார்பர் புதிதாக இருந்தும் கார் இறுகிப்போனதாகத் தோன்றுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். ஸ்ட்ரட் கழற்றப்பட்ட காருக்கு இறுதியில் வீல் அலைன்மென்ட் பார்ப்பதும் இவ்வேலையின் பகுதியே.

மாற்றிய பின் எதைச் சொகுசு என்று கொள்வது என்பதையும் உரிமையாளர் முன்கூட்டியே அறிந்திருப்பது நல்லது. தேய்ந்த ஷாக் அப்சார்பர் மிதப்பதுபோன்ற ஒரு பொய்யான மென்மையைத் தருவதால், புதியதைப் பொருத்திய முதல் சில நாட்களில் சிறு மேடுபள்ளங்கள் முன்னைவிடத் தெளிவாக உணரப்படலாம். அதைக் கண்டு பணம் வீணானதாக எண்ண வேண்டியதில்லை. வேகத்தடையைக் கடந்ததும் கார் ஒரே அசைவில் நிலைக்கு வருகிறதா, நெடுஞ்சாலையில் லாரியைக் கடக்கும்போது ஸ்டீயரிங் உறுதியாக நிற்கிறதா, இரண்டு மூன்று மணி நேரப் பயணத்திற்குப் பின் பின்னிருக்கையில் இருந்த முதியவர்களும் குழந்தைகளும் களைப்பின்றி இறங்குகிறார்களா என்ற கேள்விகளுக்குக் கிடைக்கும் விடைகளே செய்த செலவின் மதிப்பைத் தீர்மானிக்கும் சரியான அளவுகோலாகும்.