காளையின் மகள் எவ்வளவு பால் கறப்பாள்?

சுட்டிக் கண்ணுகளே, ஒரு கேள்வி கேட்கிறேன். காளை மாடு எத்தனை லிட்டர் பால் கறக்கும்?

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள், சிரியுங்கள். ஆனால் பெங்களூருவுக்கு வடமேற்கே, ஹெசரகட்டாவில் இருக்கும் பெரியவர்களுக்கு இது சிரிப்பு இல்லை. 1969-இல் டென்மார்க் நாட்டின் உதவியோடு அங்கே மத்திய அரசின் உறைவிந்து நிலையம் ஒன்று தொடங்கப்பட்டது. பொலிகாளைகளை வளர்க்கும் இடம் அது. எந்தக் காளையை வைத்துக்கொள்வது, எதை அனுப்பிவிடுவது என்று முடிவு செய்யும்போதெல்லாம் இந்தக் கேள்வி அவர்கள் முன்னால் வந்து நிற்கும்.

ஏன் தெரியுமா? ஒரு கன்றுக்குப் பாதிக் குணம் அம்மாவிடமிருந்து வருகிறது. மறு பாதி அப்பாவிடமிருந்து. அம்மா எவ்வளவு கறக்கிறாள் என்பதைப் பால்குவளை சொல்லிவிடும். அப்பாவின் உடம்பில் ஒளிந்திருக்கும் பால் குணத்தை எந்தக் குவளையால் அளப்பது? இதுதான் புதிர்.

இன்னொன்றும் உண்டு. ஒரு பசு வாழ்நாளெல்லாம் சேர்த்துச் சில கன்றுகளைத்தான் ஈனும். காளையின் கதை வேறு. கால் மில்லி பிடிக்கும் மெல்லிய பிளாஸ்டிக் குழல்களில் அதன் விந்தை அடைத்து, திரவ நைட்ரஜனில், பூஜ்யத்துக்குக் கீழே 196 டிகிரி குளிரில் வைக்கிறார்கள். பல வருடம் கெடாது. கால்நடை மருத்துவர் அந்தக் குழலை எடுத்துவந்து பசுவுக்குச் செலுத்துவதைத்தான் ஊரில் ‘சினை ஊசி போடுவது’ என்கிறார்கள். இப்படி ஒரே காளைக்கு ஆயிரக்கணக்கான கன்றுகள் பிறக்கும். அதனால் காளையைத் தப்பாகத் தேர்ந்தெடுத்தால் தப்பும் ஆயிரக்கணக்கில் பெருகும். இதுவரை புரிகிறதுதானே? நல்லது.

நம் முன்னோர்கள் கண்ணால் பார்த்தே மாடு தேர்ந்தெடுத்தார்கள், அதிலும் கெட்டிக்காரர்களாக இருந்தார்கள். மைசூர் அரசர் சிக்கதேவராஜ உடையார் 300 வருடங்களுக்கு முன்பே அரண்மனை மாடுகளுக்கென்று ஒரு துறை வைத்திருந்தார். திப்பு சுல்தான் அதற்கு ‘அம்ருத மஹால்’ என்று பெயர் வைத்தார். நீண்டு பின்னால் வளைந்த கொம்பும் ஒல்லியான உறுதியான காலும் கொண்ட மாடுகள் அவை. பீரங்கியும் மூட்டையும் இழுத்துக்கொண்டு படையோடு வேகமாகப் போக வேண்டும், அதுதான் அவற்றின் வேலை. திப்புவின் அப்பா ஹைதர் அலி, சிதம்பரத்தைக் காப்பதற்காக இரண்டரை நாளில் 100 மைல் கடந்தார் என்றும், இந்த மாடுகளால்தான் அது முடிந்தது என்றும் சொல்வார்கள். நம் சிதம்பரம்தான்!

வேகமும் வலுவும் உள்ள காளைகளையே தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்ததால் அந்தக் குணங்கள் கூடிக்கொண்டே வந்தன. பாலை யாரும் பெரிதாகத் தேடவில்லை. அம்ருத மஹால் பசு இன்றைக்கும் கொஞ்சமாகத்தான் கறக்கும். நாம் எதைத் தேடித் தேர்ந்தெடுக்கிறோமோ அதுதான் கூடும். தேடாதது தானாகக் கூடாது. இந்த இனத்தை இன்றும் சிக்கமகளூரு மாவட்டத்து அஜ்ஜம்புராவில் அரசுப் பண்ணையில் பாதுகாக்கிறார்கள். வாய்ப்புக் கிடைத்தால் போய்ப் பாருங்கள்.

எல்லாக் குணமும் ஒரே மாதிரி வழிவழியாக இறங்காது என்பதுதான் எனக்கு இந்த விஷயத்தில் மிகவும் பிடித்த பகுதி. ஒரே மந்தையில் ஒரு மாடு கனமாக இருக்கிறது, இன்னொன்று ஒல்லி. இந்த வேறுபாட்டை 100 பங்கு என்று வைத்துக்கொள்வோம். அதில் 30, 40 பங்கு பெற்றோரிடமிருந்து வந்த மரபணுக்களால் வருகிறது. மீதி தீவனம், தண்ணீர், நோய், வெயில் என்று வெளியிலிருந்து வருவது. ஆனால் ஒரு பசு ஈன்ற பிறகு சீக்கிரம் மறுபடி சினை பிடிக்கிறதா என்று பார்த்தால், மரபணுவின் பங்கு பெரும்பாலும் பத்துக்கும் கீழே!

அப்படியானால் வளர்ச்சிக்குத் தேர்ந்தெடுப்பது சுலபம். நல்ல எடை உள்ள காளையைப் பிடித்தால் பிள்ளைகளிலும் பலன் தெரியும். தவறாமல் கன்று ஈனும் குணத்தைப் பிடிப்பதுதான் பெரும்பாடு. அது காளையின் உடம்பில் தெரியாது. மகள்களின் வாழ்க்கையில்தான் தெரியும்.

அதனால் விஞ்ஞானிகள் ஒரு வழி செய்தார்கள். காளையைக் கேட்காதே, அதன் மகள்களைக் கேள் என்றார்கள். இளங்காளையின் விந்தால் பல ஊர்களில் கிடேரிக் கன்றுகள் பிறக்கும். அவை வளர்ந்து, முதல் ஈத்து ஈன்று, பால் கொடுத்து, அந்தப் பாலை அளந்து முடித்த பிறகு காளைக்கு மதிப்பெண் போடுவார்கள். நீங்கள் மாங்கொட்டை நட்டால், பழம் இனிக்குமா புளிக்குமா என்று தெரிய மரம் காய்க்கும்வரை காத்திருக்க வேண்டும் அல்லவா? அதே காத்திருப்புதான். கருவில் ஒன்பது மாதத்துக்கு மேல். கிடேரி வளர்ந்து ஈன்றெடுக்க ஏறக்குறைய மூன்று வருடம். பிறகு பத்து மாதம் பால் கணக்கு. மதிப்பெண் வரும்போது காளைக்கு ஆறேழு வயது ஆகியிருக்கும்.

இந்தக் காத்திருப்பைக் குறைக்க முடியுமா?

முடியும். 2009-இல் மாட்டின் மரபணுத் தொகுப்பு முழுவதையும் படித்து வெளியிட்டார்கள். அதற்கு ரத்தம் கொடுத்தவள் அமெரிக்காவின் மொன்டானாவைச் சேர்ந்த டாமினெட் என்ற ஹெர்ஃபோர்டு இனப் பசு. மாட்டிடம் ஏறக்குறைய 22,000 மரபணுக்கள் இருக்கின்றன. நீண்ட எழுத்து வரிசை போன்ற இந்தத் தொகுப்பு எல்லா மாட்டிலும் கிட்டத்தட்ட ஒன்றுதான். அங்கங்கே ஓர் எழுத்து மட்டும் மாறியிருக்கும். எந்த எழுத்து மாறினால் எடை கூடுகிறது, எது மாறினால் சீக்கிரம் கன்று ஈனுகிறது என்று ஆயிரக்கணக்கான மாடுகளை ஒப்பிட்டுக் கணக்குப் போட்டார்கள். ஒரே ஒரு எழுத்து எல்லாவற்றையும் தீர்மானிப்பதில்லை. நூற்றுக்கணக்கானவை சேர்ந்து கொஞ்சம் கொஞ்சமாக வேலை செய்கின்றன. இப்போது நேற்றுப் பிறந்த கன்றின் சில ரோமங்களே போதும். அது வளர்ந்தால் எப்படி இருக்கும் என்று ஓரளவு சொல்லிவிடலாம். கூடப்பிறந்த அண்ணன் தம்பிக் காளைகளில் யார் மேல் என்றும் பிரித்துப் பார்க்கலாம்.

இதில் நமக்கு ஒரு பெருமையும் உண்டு. பிரேசில் நாட்டில் இறைச்சிக்காக வளர்க்கப்படும் மாடுகளில் பெரும்பாலானவை திமில் உள்ள வெள்ளை மாடுகள். அந்த இனத்தின் பெயர் ‘நெல்லோர்’. ஆம், ஆந்திராவின் நெல்லூர்தான்! ஒரு காலத்தில் சென்னை மாகாணத்தில் இருந்த அந்தப் பக்கத்து ஓங்கோல் மாடுகள் கப்பல் ஏறிப் போய் அங்கே பெருகின. வெயிலையும் உண்ணியையும் தாங்கும் என்பதால் பிரேசில்காரர்களுக்குப் பிடித்துப்போனது. பிறகு அவர்கள் எடையையும், இளவயதிலேயே கன்று ஈனும் குணத்தையும் தேடித் தேடித் தேர்ந்தெடுத்தார்கள். வியாடினா-19 என்ற நெல்லோர் பசுவின் எடை 1,101 கிலோ. அந்த இனத்துச் சராசரி மாட்டைப்போல் இரண்டு மடங்கு! 2023-இல் அதன் ஒரு பங்கு ஏலத்துக்கு வந்தபோது முழு மாட்டின் மதிப்பு 40 லட்சம் அமெரிக்க டாலரைத் தாண்டியது.

அவசரப்பட்டுக் கைதட்டிவிடாதீர்கள். 1962-இல் அமெரிக்காவில் சீஃப் என்ற ஒரு காளை பிறந்தது. பெங்களூரு பக்கம் ‘எச்.எஃப்’ என்று சொல்லும் கறுப்பு வெள்ளை மாட்டினம். அதன் மகள்கள் பாலைக் கொட்டினார்கள். 16,000 மகள்கள்! ஆனால் சீஃபின் மரபணு ஒன்றில் ஒரு பழுது இருந்தது. அப்பா வழியில் மட்டும் அந்தப் பழுது வந்தால் ஒன்றும் ஆகாது. அம்மா வழியில் வந்த நல்ல பிரதி சமாளித்துக்கொள்ளும். இரண்டு வழியிலும் பழுதே வந்தால் கன்று கருவிலேயே இறந்துவிடும். உலகம் முழுக்க ஏறக்குறைய ஐந்து லட்சம் கருக்கள் இப்படிப் போயிருக்கும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். மாடு வளர்த்தவர்கள் பாவம், ‘சினை தங்கவில்லை’ என்று நினைத்துக்கொண்டார்கள். காரணம் தெரிந்ததே பல பத்து வருடங்களுக்குப் பிறகுதான். பாலை மட்டும் பார்த்ததும், ஒரே காளையை அளவுக்கு மீறி நம்பியதும்தான் இந்த வினைக்குக் காரணம். ஒரு காளை எவ்வளவு சிறந்ததாக இருந்தாலும் அதையே எங்கும் பயன்படுத்தக் கூடாது என்று நான் உறுதியாகச் சொல்வேன்.

நம் நாட்டு மாடுகளுக்கென்று ஹைதராபாத் விஞ்ஞானிகள் மாட்டின் மரபணு எழுத்துகளைப் படிக்கும் ‘இண்டிகாவ்’ என்ற சில்லை உருவாக்கி 2021-இல் வெளியிட்டார்கள். மகிழ்ச்சியான செய்திதான். ஆனால் சில்லு தனியாக எதையும் சொல்லாது. இந்த எழுத்து உள்ள மாடு எவ்வளவு கறந்தது, எப்போது ஈன்றது என்ற பதிவு பக்கத்தில் இருந்தால்தான் அது பேசும். பிரேசிலில் பெரிய பண்ணைகள் இருக்கின்றன, ஒரே இடத்தில் ஆயிரக்கணக்கான மாடுகளை எடை போட முடிகிறது. நம்மூரில் வீட்டுக்கு இரண்டு மாடு, மூன்று மாடு. கணக்கு மாட்டுக்காரரின் நினைவில்தான் இருக்கும்.

மாட்டின் காதில் மஞ்சள் நிறத்தில் ஒரு தோடு பார்த்திருப்பீர்களே? அதில் 12 இலக்க எண் இருக்கும். அந்த எண்ணில் அதன் ஈத்து, சினை, தடுப்பூசி எல்லாவற்றையும் பதிந்து வைக்கலாம். உங்கள் தெருவில் மாடு வளர்ப்பவர் இருந்தால், பெரியவர் ஒருவரையும் கூட்டிக்கொண்டு போய், மரியாதையாகக் கேட்டுப் பாருங்கள். “இது எத்தனையாவது ஈத்து மாமா? முதல் கன்று ஈன்றபோது இதற்கு என்ன வயது? போன ஈத்துக்கும் இந்த ஈத்துக்கும் எத்தனை மாத இடைவெளி?” சினை ஊசிக் குழலின் மேல் காளையின் எண் அச்சிட்டிருக்கும். அதையும் குறித்து வைத்திருக்கிறாரா என்று கேளுங்கள். இல்லை என்றால், அடுத்த முறை ஒரு நோட்டில் எழுதித் தர நீங்களே முன்வரலாமே!