யார் யாருக்காகக் காத்திருக்கிறார்?

மைன்கிராஃப்ட் என்றால் கட்டைகளை அடுக்கி வீடு கட்டும் விளையாட்டு என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அதற்குள் ரெட்ஸ்டோன் என்று ஒன்று இருக்கிறது. தரையில் தூவினால் மின்கம்பிபோல் வேலை செய்யும் சிவப்புத் தூள். அது கடத்தும் சிக்னலின் வலிமை 0 முதல் 15 வரை. கட்டத்துக்குக் கட்டம் ஒன்று குறையும். அதைக்கொண்டு கதவைத் திறக்கலாம், விளக்கை எரிக்கலாம். விளையாட்டோடு கூடுதலாகச் சேர்த்துக்கொள்ளும் ‘டிஐஎஸ்-3டி’ என்ற மோட், அதே சிக்னலை அசெம்பிளி மொழியால் ஆளச் சொல்கிறது.

ஸாக்ட்ரானிக்ஸ் நிறுவனம் 2015-இல் வெளியிட்ட ‘டிஐஎஸ்-100’ என்ற புதிர் விளையாட்டுதான் இதற்கு மூலம். மோடில் ‘கேசிங்’ என்றொரு பெட்டி. அதன் முகங்களில் மாட்யூல்களைப் பொருத்த வேண்டும். ரெட்ஸ்டோன் மாட்யூல் வெளிச் சிக்னலை எண்ணாக்கி உள்ளே தரும். உள்ளே வரும் எண்ணைச் சிக்னலாக்கி வெளியே விடும். நிரலை ஓட்டுவது எக்ஸிகியூஷன் மாட்யூல். ஒவ்வொன்றுக்கும் நான்கு பக்கம் நான்கு போர்ட்கள். எண்களை வைத்துக்கொள்ள ஏசிசி, பிஏகே என இரண்டே ரெஜிஸ்டர்கள்.

இவ்வளவு சிறிய கருவியில் தவறு நேர்ந்தால் உடனே கண்டுபிடித்துவிடலாம் என்று தோன்றும். ஆனால், ஒவ்வொரு வரியும் சரியாக இருந்தும் நிரல் தப்பான விடை தரும். காரணம், கோளாறு பெரும்பாலும் கட்டளையில் இருப்பதில்லை, நேரத்தில் இருக்கிறது.

பட்டன் எத்தனை முறை அழுத்தப்பட்டது என்று எண்ணும் நிரலை எடுத்துக்கொள்வோம். இடப்பக்க ரெட்ஸ்டோன் மாட்யூலிலிருந்து எண்ணைப் படி. பூஜ்யமானால் மறுபடி படி. இல்லையென்றால் கணக்கில் ஒன்று கூட்டு. படிக்கச் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால், கல் பட்டனை ஒருமுறை தட்டினால் அது ஒரு விநாடி, அதாவது விளையாட்டின் கணக்கில் 20 டிக், அழுந்தியே இருக்கும். அதற்குள் நிரல் பல சுற்று ஓடி, ஒவ்வொரு சுற்றிலும் ஒன்றைக் கூட்டிவிடும். மருந்து இரண்டே வரி. கூட்டி முடித்ததும் ‘ஹோல்ட்’ என்று ஒரு லேபிள் போட்டு, அதன்கீழ் ‘மூவ் லெஃப்ட், ஏசிசி’, ‘ஜேஎன்ஸட் ஹோல்ட்’ என்று எழுத வேண்டும். சிக்னல் பூஜ்யத்துக்கு இறங்கும்வரை நிரல் அங்கேயே சுற்றும். இறங்கிய பிறகே அடுத்த அழுத்தத்துக்குத் தயாராகும்.

இரண்டாவது வகைக் கோளாறில் எதுவுமே நடக்காது. இந்த மோடில் ஒரு மாட்யூல் எண்ணை அனுப்பினால், எதிரிலிருப்பது அதை வாங்கும்வரை அசையாது. வாங்க வந்த மாட்யூலும் எண் கிடைக்கும்வரை அசையாது. பக்கத்துப் பக்கத்தில் உள்ள இரண்டு மாட்யூல்களும் ஒரே சமயத்தில் வாங்க நின்றால், வாசலில் ‘நீங்க முதல்ல போங்க’ என்று மாறி மாறிச் சொல்லிக்கொண்டு நிற்கும் விருந்தாளிகள் கதைதான். யாராவது ஒருவர் முதலில் அனுப்பும்படி வரிசையை மாற்றினால் ஓட்டம் பிறக்கும்.

மூன்றாவது, ‘எனி’ என்ற போர்ட். எந்தப் பக்கத்தில் எண் தயாரோ அங்கிருந்து எடுத்துக்கொள்ளும். பக்கத்தில் ரெட்ஸ்டோன் மாட்யூல் இருந்தால் ஆபத்து. அது எப்போதும் ஓர் எண்ணை நீட்டிக்கொண்டே இருக்கும். வேறு பக்கத்திலிருந்து வரவேண்டிய எண்ணுக்குப் பதில் அது உள்ளே நுழைந்துவிடும். திசையைப் பெயர் சொல்லி எழுதுவதே பாதுகாப்பு.

எந்தக் கோளாறானாலும் தேடும் முறை ஒன்றே. முதலில், கேசிங்கை இயக்கும் பெட்டியான கன்ட்ரோலருக்குப் போகும் ரெட்ஸ்டோன் வலிமையைக் குறையுங்கள், ஓட்டம் நிதானமாகும். பிறகு வெளியேறும் முனையிலிருந்து பின்னோக்கி வாருங்கள். நிரலை ஒதுக்கிவிட்டு 15 என்ற எண்ணை மட்டும் ரெட்ஸ்டோன் மாட்யூலுக்கு அனுப்பிப் பாருங்கள். விளக்கு எரிந்தால் அந்தக் கண்ணி சரி. அதற்கு முந்தியதைச் சோதியுங்கள். ஒவ்வொரு கண்ணியிலும் ‘இது யாருக்காகக் காத்திருக்கிறது?’ என்று கேளுங்கள்.

நிஜமான மைக்ரோகன்ட்ரோலரில் பட்டன் பொருத்தி நிரல் எழுதுகிறவர்களும் இதே கேள்வியைத்தான் கேட்க வேண்டியிருக்கிறது. சிக்னல் ‘இருக்கிறது’ என்பது வேறு, ‘இப்போதுதான் வந்தது’ என்பது வேறு. இந்த வித்தியாசம் புரிந்த பிள்ளை, விளையாட்டிலேயே பொறியியலின் முக்கியமான பாடம் ஒன்றைக் கற்றுவிட்டது. கணினி முன் அப்படி உட்கார்ந்திருப்பவர்களை ‘எந்நேரமும் விளையாட்டா?’ என்று எழுப்பிவிடாதீர்கள்.