மின்னஞ்சல் காவலும் அதன் அறிக்கையும்

நமது சங்கங்களில் தபால் வரவுப் பதிவேடு, தபால் அனுப்புகைப் பதிவேடு என இரு புத்தகங்கள் உண்டு. எந்தக் கடிதம் எந்தத் தேதியில் வந்தது, எவரிடம் ஒப்படைக்கப்பட்டது என்பதை அவற்றைப் புரட்டி அறியலாம். இன்றோ நூல் கொள்முதல், துணி ஆர்டர், விளைபொருள் விலைப்பட்டியல், வங்கிக் கடிதம் முதலியவற்றுள் பல மின்னஞ்சலாகவே வருகின்றன. அவற்றுக்குரிய வரவுப் பதிவேடு எங்கே? மின்னஞ்சல் பாதுகாப்புக் கருவி தரும் அறிக்கையே அது. அதனை வாசிக்கும் முறையை அங்கத்தினர் அறிந்திருத்தல் நலம்.

கருவியின் வேலை

இக்கருவி இணையத்திற்கும் சங்கத்தின் அஞ்சல் சர்வருக்கும் இடையே நிற்கும் வாயிற்காவலன். அது அலுவலகத்தில் ஒரு பெட்டியாக இருக்கலாம். அல்லது தொலைவிலுள்ள ஒரு நிறுவனம் அதே வேலையைச் சேவையாகச் செய்து தரலாம்.

மின்னஞ்சலை எடுத்துச் செல்லும் எஸ்.எம்.டி.பி. என்னும் விதிமுறை 1982-இல் வகுக்கப்பட்டது. அனுப்புநர் தம் பெயரென்று எதை எழுதினாலும் அது அப்படியே ஏற்றுக்கொள்ளும். தபால் உறையின் மேல் எவர் பெயரையும் எழுதிவிடலாம் அல்லவா? அதைப் போன்றதே இது. இக்குறையை நீக்கப் பிற்காலத்தில் மூன்று ஏற்பாடுகள் தோன்றின. எஸ்.பி.எஃப். என்பது, ஒரு நிறுவனத்தின் பெயரால் அஞ்சல் அனுப்ப எந்தெந்தச் சர்வர்களுக்கு உரிமை உண்டு என்னும் பட்டியல். டி.கே.ஐ.எம். என்பது, கடிதம் வழியில் திருத்தப்படவில்லை எனக் காட்டும் முத்திரை. டிமார்க் என்பது, இவ்விரண்டில் ஒன்றிலேனும் தேறாத கடிதத்தை என்ன செய்வது என்று அப்பெயருக்கு உரியவரே விடுக்கும் அறிவிப்பு. கருவி இவற்றைச் சோதிப்பதுடன், இணைப்புகளில் வைரஸ் உண்டா என்றும் பார்க்கிறது.

அறிக்கையில் காண வேண்டியவை

மொத்தம் வந்தவை, வாயிலிலேயே மறுக்கப்பட்டவை, ஐயத்தின்பேரில் நிறுத்தி வைக்கப்பட்டவை, உரியவரிடம் சேர்க்கப்பட்டவை என்று அறிக்கை கணக்குக் காட்டும். மறுக்கப்பட்டவற்றின் தொகை பெரிதாயிருப்பது கண்டு மகிழவும் வேண்டா, அஞ்சவும் வேண்டா. கவனிக்கற்பாலவை வேறு மூன்று.

முதலாவது, நிறுத்தி வைக்கப்பட்டவை. கருவியும் பிழை செய்யும். புதிதாக வந்த ஒரு வியாபாரியின் ஆர்டரை அது வேண்டாத அஞ்சலென்று ஒதுக்கிவிடக்கூடும். ஒரு வாரம் எவரும் பாராதிருந்தால், ஆர்டர் வேறிடம் போய்விடும். இங்கே தறிகள் ஓய்ந்திருக்கும். ஆகையால் இப்பட்டியலைப் பிரதி தினமும் ஒருவர் பார்த்தல் வேண்டும்.

இரண்டாவது, சங்கத்திலிருந்து வெளிச்செல்பவை. நாளொன்றுக்கு நாற்பது கடிதம் அனுப்பும் அலுவலகத்திலிருந்து ஓரிரவில் நாலாயிரம் போயிருப்பின், எவருடைய கடவுச்சொல்லோ களவு போயிற்று என ஐயுறலாம். அதனைத் தடுக்காவிடில், பிறர் வைத்துள்ள தடைப்பட்டியலில் சங்கத்தின் பெயர் ஏறிவிடும். பின்னர் நமது உண்மைக் கடிதங்களும் திருப்பப்படும்.

மூன்றாவது, தனிக் கடிதத்தின் வரலாறு. அனுப்பியவர், பெறுபவர், நேரம், முடிவு ஆகியவை பதிவில் இருக்கும். "அனுப்பினேன்", "வரவில்லை" என்னும் வழக்கை இதனால் தீர்க்கலாம். அதற்குக் கருவியின் கடிகாரம் சரியாயிருத்தலும், பதிவுகள் அழியாதிருத்தலும் அவசியம். இந்திய அரசின் செர்ட்-இன் அமைப்பு 28-4-2022-இல் பிறப்பித்த உத்தரவு, இத்தகைய பதிவுகளை 180 நாட்கள் வைத்திருக்கவும், உத்தரவில் குறித்துள்ள கணினிக் குற்ற நிகழ்ச்சிகளை அறிந்த 6 மணி நேரத்திற்குள் தெரிவிக்கவும் பணிக்கிறது.

கருவி காணாதது

நூல் விற்பவரிடமிருந்து, "எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது; இனிப் பணத்தைப் புதிய கணக்கிற்கு அனுப்புக" என்று ஒரு மின்னஞ்சல் வருகிறதென்று வைத்துக்கொள்வோம். அவருடைய அஞ்சற்பெட்டியையே திருடன் கைப்பற்றியிருந்தால், கடிதம் மெய்யான முகவரியிலிருந்தே வரும். மேற்சொன்ன சோதனைகள் அனைத்திலும் தேறும். அறிக்கையிலும் "சேர்க்கப்பட்டது" என்றே பதிவாகும். ஆகவே, கணக்கு மாற்றம் எதையும் பழைய பதிவேட்டிலுள்ள தொலைபேசி எண்ணில் நேரே பேசி உறுதி செய்தபின்னரே ஏற்க வேண்டும். கடிதத்தில் உள்ள எண்ணை நம்பலாகாது. பணம் போய்விட்டதெனில், நேரங்கடத்தாமல் 1930 என்னும் எண்ணுக்கும் வங்கிக்கும் தெரிவிக்க வேண்டும்.

காவலனையும் கண்காணிக்க வேண்டும். பாராகுடா நிறுவனத்தின் மின்னஞ்சல் கருவியில், இணைப்புகளைச் சோதிக்கும் பகுதியிலேயே ஒரு குறை இருந்தது 2023 மே மாதத்தில் வெளிவந்தது. 2022 அக்டோபர் முதலே அவ்வழியாகத் திருடர் புகுந்திருந்தனர். பாதிக்கப்பட்ட கருவிகளை அடியோடு மாற்றிவிடுமாறு அந்நிறுவனமே அறிவித்தது.

எல்லை எது?

இக்கண்காணிப்பு சங்கத்தின் அலுவல் முகவரிகளுக்கே உரியது. ஊழியர் கடிதங்களை வேவு பார்க்கும் கருவியாக அது மாறலாகாது. அறிக்கையைப் பார்க்க உரியவர் யார், ஒரு கடிதத்தின் உள்ளடக்கத்தைத் திறக்க எவர் அனுமதி வேண்டும் என்பதை நிர்வாகக் குழு தீர்மானமாக எழுதி, ஊழியர்க்கும் முன்கூட்டியே அறிவித்தல் முறை.

பூட்டை வாங்கிச் சாவியைக் கதவிலேயே விட்டுவைப்பவர் எவரும் இலர். ஆனால் கருவியை வாங்கி அறிக்கையைத் திறவாதிருக்கும் அலுவலகங்கள் உண்டு. பிரதி மாத நிர்வாகக் குழுக் கூட்டத்தில், ரொக்க இருப்பு, சரக்கு இருப்பு ஆகியவற்றுடன் இதனையும் ஒரு பொருளாகச் சேர்க்கலாம். நிறுத்தி வைக்கப்பட்டவற்றைத் தினமும் பார்த்தவர் யார்? வெளிச்செல்பவற்றில் மாறுதல் உண்டா? கணக்கு மாற்றக் கடிதம் ஏதேனும் வந்ததா, அதனைப் பேசி உறுதி செய்தவர் யார்? இம்மூன்று கேள்விகளையும் அங்கத்தினர் தயங்காமல் கேட்டல் வேண்டும். போவது நம் அனைவருடைய பங்குப் பணமே.