இணையப் பக்கத்தில் மின்னஞ்சல் இணைப்பு

கிராமத்தில் ஒரு தபால் பெட்டியை நாட்டுவது எளிய காரியம். ஆனால், அப்பெட்டியில் இடப்படும் கடிதம் எப்பொழுது எடுக்கப்படும் என்பதை மக்கள் அறிந்தாலன்றி, அவர்கள் அதனை நம்பிப் பயன்படுத்த மாட்டார்கள். கடிதம் எடுக்கும் நேரம் பெட்டியின் முகப்பிலேயே எழுதப்பட்டிருப்பது இக்காரணம் பற்றியே ஆகும். இணையதளத்தில் அமைக்கப்படும் மின்னஞ்சல் இணைப்பும் ஒருவகைத் தபால் பெட்டியே. அதனைச் சொடுக்குபவர், தாம் எழுதுவது யாருக்குச் செல்லும், எதைப் பற்றி எழுதலாம், பதில் வருமா என்பவற்றைச் சொடுக்குவதற்கு முன்னரே அறிந்திருத்தல் வேண்டும்.

இந்தியாவின் முதலாவது வேளாண் அறிவியல் நிலையம் 1974ஆம் ஆண்டில் புதுச்சேரியில் தொடங்கப்பட்டது. இன்று நாடெங்கும் இத்தகைய நிலையங்கள் 700க்கு மேற்பட்டு உள்ளன. இவற்றுள் பலவும், எண்ணற்ற பள்ளிகளும் தமக்கென இணையப் பக்கங்களை வைத்திருக்கின்றன. அப்பக்கங்களை எழுதும் பொறுப்பு பெரும்பாலும் களப்பணியாளர் ஒருவரிடமோ ஆசிரியர் ஒருவரிடமோ வந்து சேருகிறது. மின்னஞ்சல் இணைப்பைச் செம்மையாக எழுதும் முறையை அவர்கள் அறிந்துகொள்வது பயனுடையதாகும்.

தோற்றமும் அமைப்பும்

1971ஆம் ஆண்டில், அமெரிக்காவின் அர்ப்பாநெட் என்னும் கணினி வலையில், ரே டாம்லின்சன் என்னும் பொறியாளர் ஒரு கணினியிலிருந்து மற்றொரு கணினிக்குச் செய்தி அனுப்பிக் காட்டினார். பெறுபவரின் பெயரையும் அவருடைய கணக்கு உள்ள கணினியின் பெயரையும் பிரித்துக் காட்டுவதற்கு அவர் தெரிந்தெடுத்த குறியே இன்று எல்லா மின்னஞ்சல் முகவரிகளிலும் காணப்படும் @ ஆகும். பக்கத்தில் உள்ள முகவரியைச் சொடுக்கியதும் கடிதம் எழுதும் சாளரம் திறக்குமாறு செய்யும் முறை, 1994ஆம் ஆண்டில் இணையத் தர ஆவணம் ஒன்றில் வரையறுக்கப்பட்டது. 1998இலும் 2010இலும் அது திருத்தி விரிவாக்கப்பட்டது.

இதன் அமைப்பு மிக எளிது. சாதாரண இணைப்பில் மற்றொரு பக்கத்தின் முகவரி எழுதப்படும் இடத்தில், ‘மெயில்டு’ என்னும் சொல் ரோமன் எழுத்துகளில் இடைவெளியின்றி எழுதப்படுகிறது. அதையடுத்து முக்காற்புள்ளியும், அதன்பின் மின்னஞ்சல் முகவரியும் இடம்பெறுகின்றன. முகவரிக்குப்பின் ? என்னும் குறியை இட்டு, கடிதத்தின் பொருள் வரியையும், & என்னும் குறியால் பிரித்துக் கடிதத்தின் உள்ளுரையையும் முன்கூட்டியே எழுதி வைக்கலாம். சொடுக்கியவுடன் இவை யாவும் கடிதச் சாளரத்தில் நிரப்பப்பட்டுத் தோன்றும். கடிதம் தானாகச் சென்றுவிடுவதில்லை. எழுதுபவர் அதைத் திருத்தி, தாமே அனுப்ப வேண்டும்.

இணைப்பின் சொற்கள்

பல பக்கங்களில் ‘இங்கே சொடுக்குக’ என்னும் சொற்களே இணைப்பாக அமைந்திருக்கின்றன. இது நல்ல வழக்கம் அன்று. பார்வையற்றோர் திரையிலுள்ளதைக் குரலாக்கும் மென்பொருளைப் பயன்படுத்துகின்றனர். அம்மென்பொருள் ஒரு பக்கத்திலுள்ள இணைப்புகளை மட்டும் தொகுத்து வாசித்துக் காட்ட வல்லது. அப்பொழுது ‘இங்கே சொடுக்குக, இங்கே சொடுக்குக’ என்று பத்துமுறை கேட்பவருக்கு யாதொன்றும் விளங்காது. ஓர் இணைப்பின் நோக்கம் அதன் சொற்களிலிருந்தோ, அதைச் சூழ்ந்துள்ள வாசகத்திலிருந்தோ தெளிவாக வேண்டும் என்பது 2008ஆம் ஆண்டில் வெளியான அனைத்துலக இணைய அணுகல் நெறிகளுள் ஒன்றாகும்.

ஒருவருடைய பெயரை மட்டும் மின்னஞ்சல் இணைப்பாக அமைப்பதும் குழப்பம் தரும். பெயரைச் சொடுக்குபவர் அவரைப் பற்றிய விவரம் கிடைக்கும் என்றே எதிர்பார்ப்பார். கடிதச் சாளரம் திறக்கவே திகைப்பார். ஆகையால், ‘மண் பரிசோதனைப் பிரிவுக்கு மின்னஞ்சல் எழுதுக’ என்பது போலச் செயலையும் பெறுபவரையும் சேர்த்துச் சொல்வதே முறை. அதன் அருகில் முழு முகவரியும் கண்ணுக்குத் தெரியுமாறு எழுதப்பட வேண்டும்.

முகவரி வெளிப்படையாக இருக்க வேண்டியதற்கு மற்றொரு காரணமும் உண்டு. சில கணினிகளில் மின்னஞ்சல் மென்பொருள் எதுவும் அமைக்கப்பட்டிராது. அங்கு இணைப்பைச் சொடுக்கினால் ஒன்றும் நிகழாமற் போகலாம். பொதுச் சேவை மையங்களிலும் பள்ளிகளிலும் ஒரே கணினியைப் பலர் பயன்படுத்துகின்றனர். அங்கு முன்னர்ப் பயன்படுத்தியவருடைய கணக்கிலேயே சாளரம் திறக்கவும் கூடும். முகவரி எதிரே தெரிந்தால், அதைப் படியெடுத்துத் தம் கைப்பேசியிலிருந்து எழுத எவருக்கும் இயலும்.

பொருள் வரியும் வினாக்களும்

விதர்ப்பப் பகுதியில் பருத்தி பயிரிடும் ஒருவர், காய்களில் இளஞ்சிவப்புக் காய்ப்புழுவைக் கண்டு, அருகிலுள்ள நிலையத்துக்கு எழுதுவதாகக் கொள்வோம். இணைப்பு வெறும் முகவரியை மட்டும் கொண்டிருந்தால், ‘பருத்தியில் புழு விழுந்துவிட்டது, என்ன செய்வது?’ என்று ஒரே வரி எழுதி, பொருள் வரியை வெறுமையாக விட்டு அவர் அனுப்பக்கூடும். நிலையத்தார் ஊரையும், விதையின் இரகத்தையும், விதைத்த நாளையும், முன்னர்த் தெளித்த மருந்தையும் கேட்டு மீண்டும் எழுத நேரும். இவ்வாறு கடிதங்கள் போய் வருவதற்குள் சில நாட்கள் கழிந்துவிடும். அந்த நாட்களில் புழு காய்களைக் குடைந்துகொண்டே இருக்கும்.

இதற்கு மாறாக, பொருள் வரியில் ‘பருத்தி – பூச்சித் தாக்குதல்’ என்றும், உள்ளுரையில் ‘ஊர், வட்டம், இரகம், விதைத்த நாள், கண்ட அடையாளம், தெளித்த மருந்து’ என்றும் ஒவ்வொரு வரியாக முன்பே எழுதி வைத்தால், விவசாயி அவற்றின் எதிரே விடையை மட்டும் நிரப்புவார். முதற் கடிதத்திலேயே ஆலோசனைக்கு வேண்டிய செய்தி வந்து சேரும். படத்தையோ கோப்பையோ இணைப்பின் வழியாகத் தானாகச் சேர்க்க இயலாது. ஆதலால், ‘பாதிக்கப்பட்ட காயின் படத்தைச் சேர்த்து அனுப்புக’ என்று இறுதியில் ஒரு வரி எழுதலாம். உள்ளுரை ஐந்தாறு வரிகளுக்கு மேற்படாதிருத்தல் நலம்.

1972ஆம் ஆண்டில் நம் நாட்டில் புகுத்தப்பட்ட ஆறு இலக்க அஞ்சல் குறியீட்டு எண், கடிதங்களைப் பிரிக்கும் வேலையை எளிதாக்கிற்று. பொருள் வரி செய்யும் தொண்டும் அத்தகையதே. மண் பரிசோதனைப் பக்கத்தில் ஒன்று, விதை விற்பனைப் பக்கத்தில் ஒன்று, பயிற்சிப் பக்கத்தில் ஒன்று என்று இணைப்புதோறும் பொருள் வரியை வேறுபடுத்தினால், முகவரி ஒன்றே ஆயினும் கடிதங்களை எளிதிற் பிரித்து உரியவரிடம் அனுப்பலாம்.

இந்திய எழுத்துகள்

இணைப்பினுள் இடைவெளியையும் சில குறிகளையும் நேராக எழுதலாகாது. இடைவெளிக்கு %20 என்றும், புதிய வரிக்கு %0D%0A என்றும், பொருள் வரியினுள் வரும் & குறிக்கு %26 என்றும் எழுத வேண்டும். இடைவெளிக்குப் பதிலாகக் கூட்டற்குறியை இடுவது பொதுவாகக் காணப்படும் பிழை. அவ்வாறு செய்தால் ‘மண்+பரிசோதனை’ என்றே கடிதத்தில் தோன்றும்.

தேவநாகரி, தெலுங்கு, தமிழ் முதலிய எழுத்துகளுக்குத் தனிக் கவனம் தேவை. யூ.டி.எஃப்-8 என்னும் முறையில் இவற்றின் ஒவ்வொரு குறியும் மூன்று பைட்டுகளாகப் பதிவாகிறது; இணைப்பில் ஒவ்வொரு பைட்டும் % குறியுடன் மூன்று எழுத்துகளாக விரிகிறது. ‘தமிழ்’ என்னும் சொல்லில் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி ஆகிய ஐந்து குறிகள் உள்ளன. ஆகவே, இச்சிறு சொல் இணைப்பினுள் 45 எழுத்துகளாக நீள்கிறது. இந்த மாற்றத்தை இன்றைய உலாவிகள் தாமே செய்துகொள்கின்றன. எனினும், மிக நீண்ட இணைப்பைச் சில மென்பொருள்கள் நடுவிலே துண்டித்துவிடக்கூடும் என்பதால், நம் மொழிகளில் உள்ளுரை எழுதும்போது சுருக்கம் மேலும் இன்றியமையாததாகிறது.

முகவரி யாருடையது?

அதிகாரிகள் இடமாற்றம் பெறுவது இயல்பு. இணைப்பில் ஒருவருடைய சொந்த முகவரி எழுதப்பட்டிருந்தால், அவர் மாற்றலாகிச் சென்ற பின்னரும் கடிதங்கள் அவருக்கே போய்க்கொண்டிருக்கும். கேட்டவருக்குப் பதில் கிடைக்காது. ஆகையால், பதவிக்கோ பிரிவுக்கோ உரிய முகவரியையே எழுதி, அதன் பொறுப்பைப் பணியேற்பவரிடம் முறைப்படி ஒப்படைக்க வேண்டும்.

இணையப் பக்கங்களிலிருந்து முகவரிகளைத் திரட்டி வேண்டாத விளம்பரங்களை அனுப்பும் மென்பொருள்களும் உண்டு. இவற்றுக்கு அஞ்சி, @ குறிக்குப் பதிலாக ‘அட்’ என்றும், புள்ளிக்குப் பதிலாக ‘டாட்’ என்றும் அடைப்புக்குறிக்குள் எழுதும் வழக்கம் அரசு இணையதளங்கள் பலவற்றில் காணப்படுகிறது. சிலர் முகவரியைப் படமாகவே ஆக்கிவிடுகின்றனர். இதனால் பாதுகாப்பு ஓரளவே கிட்டும். இடர்ப்பாடோ முழுவதும் பொதுமக்களைச் சாரும். இம்மாற்றெழுத்தின் பொருள் தெரியாதவர் அதை அப்படியே படியெடுத்து அனுப்ப, கடிதம் சேராது. படத்திலுள்ள முகவரியைத் திரை வாசிக்கும் மென்பொருளால் இயல்பாகப் படிக்கவும் இயலாது. மக்கள் எழுத வேண்டும் என்பதற்காகவே ஏற்பட்ட பொது முகவரியை வெளிப்படையாக எழுதி, வேண்டாத அஞ்சலை வடிகட்டும் வேலையை அஞ்சல் வழங்கும் கணினிக்கு விடுவதே தக்கது. ஊழியர்களின் சொந்த முகவரிகளை மட்டும் பக்கத்தில் வெளியிடாதிருக்கலாம்.

மின்னஞ்சலுக்குப் பதிலாக இணையப் படிவம் போதாதா என்று கேட்கலாம். படிவம் பல வகையில் வசதியானதே. ஆயினும், மின்னஞ்சல் எழுதியவரிடம் அவர் எழுதியதன் படி, நாளும் நேரமும் குறிக்கப்பட்டுத் தங்குகிறது. பின்னர் நினைவூட்ட வேண்டுமாயின், அவர் கையில் ஆதாரம் இருக்கும். படிவங்கள் பலவற்றில் இவ்வசதி கிடைப்பதில்லை.

சோதித்துப் பார்த்தல்

இணைப்பை எழுதி முடித்தபின் அதனைச் சோதித்தல் அவசியம். அதற்குரிய முறைகள் வருமாறு:

1. கைப்பேசி ஒன்றிலும், அலுவலகத்தைச் சாராத ஒருவருடைய கணினியிலும் சொடுக்கிப் பார்க்கவும்.
2. பொருள் வரியும் உள்ளுரையும் எழுத்துச் சிதைவின்றித் தோன்றுகின்றனவா என்று காணவும்.
3. உண்மையாகவே ஒரு கடிதம் அனுப்பி, அது உரிய பெட்டியை அடைந்ததா என்று உறுதிசெய்யவும்.
4. எந்தெந்த மொழியில் எழுதலாம், எத்தனை நாட்களில் பதில் வரும் என்பதை இணைப்பின் அருகில் குறிப்பிடவும். நிறைவேற்றக்கூடிய கால அளவை மட்டுமே எழுதுதல் வேண்டும்.
5. பொறுப்பாளர் மாறும்போதெல்லாம் இச்சோதனையைத் திரும்பச் செய்யவும்.

பள்ளிகளில் இதனை மாணவர்களுக்கு ஒரு செய்முறைப் பயிற்சியாகவும் கொடுக்கலாம். கேட்க விரும்புவதை ஒரு வரியில் சுருக்கிச் சொல்வதும், விடைக்கு வேண்டிய விவரங்களை வரிசைப்படுத்துவதும் அவர்களுக்குப் பிற்காலத்திலும் பயன்படும்.

இணைப்பு எத்துணைச் செம்மையாக எழுதப்பட்டிருப்பினும், வந்த கடிதத்தைத் திறந்து படிப்பவர் ஒருவர் இல்லையெனில் அம்முயற்சி வீணே. ஆகவே, பக்கத்தில் இணைப்பைச் சேர்ப்பதற்கு முன்னரே, நாள்தோறும் அப்பெட்டியைத் திறந்து பார்க்கும் ஊழியர் இன்னார் என்பதை ஒவ்வொரு நிலையமும் பள்ளியும் முடிவு செய்துகொள்ள வேண்டும்.